ஸ்லீப்பிங் டாக்ஸ் "ஹாங்காங்காரன் எடுத்த கேமா"? யாரு சொன்னது?

#1 செந்தூல்காரன்

நேத்து ராத்திரி ஒரு தமிழ் கேம் சேனல்ல ஒருத்தர் அடிச்சுச் சொல்றாரு: "குண்டர் கும்பல் கேம்கள்ல ஆசியாக்காரனை மனுசனா காட்டுன ஒரே கேம் ஸ்லீப்பிங் டாக்ஸ். ஏன்னா அது ஹாங்காங்காரன் கையால எடுத்தது. ஜிடிஏ அமெரிக்காக்காரன் கண்ணு, இது நம்ம கண்ணு." கீழ பூரா கைதட்டல். திருத்த ஒரு ஆள் இல்ல.

ரெண்டுமே தப்பு. ஸ்லீப்பிங் டாக்ஸை எடுத்தது யுனைட்டட் ஃப்ரண்ட் கேம்ஸ். கனடாவுல வான்கூவர். முதல்ல அதுக்கு "ட்ரூ கிரைம்: ஹாங்காங்"னு பேரு. 2011 பிப்ரவரியில அதை வெளியிடுறதா இருந்த ஆக்டிவிஷன் கம்பெனி கைகழுவிட்டான், அதே வருசம் ஆகஸ்ட்ல ஸ்கொயர் எனிக்ஸ் தூக்கிக்கிட்டான், பழைய பேரு கூட வரல, 2012 ஆகஸ்ட்ல புதுப் பேர்ல வந்துச்சு. இதுல எங்க ஹாங்காங்காரன்?

ஜிடிஏவும் (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) அப்படித்தான். டண்டீல டிஎம்ஏ டிசைன்னு ஆரம்பிச்சு எடின்பரோவுக்குப் போன ராக்ஸ்டார் நார்த். ஸ்காட்லாந்து. கதைக்குத் தலைமை தாங்குன ஹவுசர் அண்ணன் தம்பி லண்டன்ல பொறந்தவங்க. அமெரிக்காவைப் பார்த்தது பிரிட்டிஷ்காரன் கண்ணு, ஹாங்காங்கைப் பார்த்தது வான்கூவர் கண்ணு. வெளியூர்க்காரன் பார்வையைக் கொண்டாந்து "நம்ம கண்ணு"ன்னு விக்காதீங்க.

#2 மோட்டார்_தம்பி

அண்ணே, ரோட்டோரம் பன் வாங்கித் தின்னா ரத்தம் ஏறுது. யாரு எடுத்தா என்னா லா.

#3 தீவுக்காரி

ஸ்டூடியோ வான்கூவர்ங்கறது சரி. அதுல சண்டை இல்ல. ஆனா ஸ்டூடியோ எங்க இருக்குன்னு சொல்லிட்டா பார்வை எதுன்னு சொன்ன மாதிரி ஆயிடுமா? கேமுக்குள்ள இருக்கறதைப் பாருங்க அண்ணே.

வண்டி இடது பக்கம் ஓடுது. கதாநாயகன் வேய் ஷென் வலது கதவைத் திறந்து ஏறுறான். இது கண்ணாடியில காட்டுன மாதிரி திருப்பிப் போடுற வேலை இல்ல. காடி மாடலை அப்படியே திருப்புனா நம்பர் பிளேட்டும் கதவுல எழுதியிருக்கற கம்பெனி பேரும் இடம் வலமா மாறிடும். எழுத்து உள்ள பாகத்தைத் தனியா பிரிக்கணும். ஏறுறது, இறங்குறது, உள்ள இருக்கறவனை இழுத்துப் போடுறது, எல்லா அசைவும் வலது பக்கத்துக்கு வேணும். கியர் இடது கைக்கு வரணும். நாற்சந்தியில யாரு யாருக்கு வழி விடணும்கற விதி மாறும். பஸ் கதவு இடது பக்கம் போகும். இதுல ஒண்ணு விட்டுப்போனாலும் கணினி ஓட்டுற வண்டியெல்லாம் சந்தியில முட்டிக்கிட்டு நிக்கும். அமெரிக்காவுல விக்கிற கேமுக்கு யாரும் இந்த மெனக்கேடு எடுக்கணும்னு அவசியமே இல்ல. எடுத்திருக்காங்க.

துப்பாக்கியும் அப்படித்தான். ஹாங்காங்ல துப்பாக்கி கிடைக்கறது கஷ்டம், அதனால கேமுல பாதி தூரம் வரைக்கும் கையும் காலும் கத்தியும்தான். கடையில மூலிகைத் தண்ணி குடிச்சா அடி தாங்குற சக்தி கூடுது. "ஃபேஸ்"னு ஒரு அளவுகோல் வெச்சிருக்காங்க. சீனர்கள் "முகம்"னு சொல்ற அந்த மானம் மரியாதைதான் அது. அக்கம்பக்கத்துக்கு உதவி செஞ்சா ஏறுது. கொள்ளையடிச்சா மட்டும் பேரு வர்ற கேமுல இதைப் பார்த்திருக்கீங்களா?

#4 செந்தூல்காரன்

தீவுக்காரி, நீங்க சொன்னதுல பாதி சுற்றுலாப் புத்தகத்துல இருக்கறது. மீதியையும் நான் சொல்றேன். நகரம் முழுக்க 50 பூசைமாடம். அஞ்சு கும்பிட்டா உயிர் நீளும். 12 ராசிக்கு 12 பச்சைக்கல் பொம்மை, ஒண்ணொண்ணா தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தா குங்ஃபூ வாத்தியார் ஒரு அடி சொல்லித் தருவாரு. சேவல் சண்டை. கராவோக்கே. ஹாங்காங்ல பொறந்து வளர்ந்தவன் தன் ஊரைப் பத்திக் கதை சொல்லச் சொன்னா பச்சைக்கல் பொம்மையில ஆரம்பிப்பானா? வெளிய நிக்கறவன் கண்ணுக்குத்தான் அது ஹாங்காங்.

வேய் ஷென் எங்க வளர்ந்தவன்? சான் ஃபிரான்சிஸ்கோவுல. அமெரிக்காவுல வளர்ந்தவன் ஊருக்குத் திரும்பி வர்றான், விளையாடுறவனுக்கு எல்லாத்தையும் விளக்கிச் சொல்ல ஒரு சாக்கு கிடைக்குது. கௌலூன் பக்கமே கிடையாது, தீவு மட்டும்தான். ஹாங்காங்ல ஜனம் நெருக்கி வாழ்ற இடத்தை வெட்டிட்டு நார்த் பாயிண்ட், சென்ட்ரல், அபர்டீன், கென்னடி டவுன்னு நாலு துண்டு. இடது பக்கம் வண்டி ஓட்டிட்டா உள்ளூர்ப் பார்வை வந்துடுமா? கூகுள்ல தேடுனா எந்தப் பக்கம் ஓட்டணும்னு தெரிஞ்சிடும்.

எடுத்தது வான்கூவர்.

#5 பழைய_டிஸ்க்

நண்பர்களே, ஒரு வேண்டுகோள். "பார்வை" என்று நீங்கள் இருவரும் சொல்வது எதை? எழுதியவரின் பிறந்த ஊரா, பணம் போட்ட நிறுவனமா, வாங்கப் போகும் சந்தையா, கதாபாத்திரத்தின் வாயில் வைக்கும் பேச்சா? நான்கும் வெவ்வேறு. 2002-இல் வந்த மாஃபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தது செக் நாட்டின் பிர்னோ நகரத்து இல்யூஷன் சாஃப்ட்வொர்க்ஸ். கதை 1930-களின் அமெரிக்கா. மணிக்கு 40 மைலுக்கு மேல் ஓட்டினால் போலீஸ் நிறுத்தி அபராதம் போடும், சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் போடும். அமெரிக்காவில் வளர்ந்தவர்களுக்குத் தோன்றாத அந்தக் கட்டுப்பாடு பிர்னோக்காரருக்குத் தோன்றியது. இதை எந்த நாட்டுப் பார்வை என்பீர்கள்? முதலில் சொல்லுக்குப் பொருள் வைத்துக்கொள்வோம். பிறகு வாதாடலாம்.

#6 தீவுக்காரி

செந்தூல்காரன் அண்ணே, வான்கூவர் வான்கூவர்னு சொல்றீங்களே, அந்த ஊரு எப்படிப்பட்ட ஊருன்னு சொல்லலையே. 1997ல ஹாங்காங் சீனா கைக்குப் போறதுக்கு முன்னாடி ஏராளமான ஹாங்காங் குடும்பங்க போய் இறங்குன ஊரு அது. பக்கத்துல ரிச்மண்ட் பூரா சீனக் கடை. கேமுல வேய் ஷென்னோட சின்ன வயசுக் கூட்டாளி ஜாக்கி மாவுக்குக் குரல் கொடுத்தது எடிசன் சென். ஹாங்காங் நடிகர். பொறந்தது எங்க தெரியுமா? வான்கூவர்.

இப்ப அவரு உள்ளூரா வெளியூரா?

#7 செந்தூல்காரன்

வான்கூவர்னு நீங்களே எழுதிட்டீங்க. நன்றி.

கதாநாயகன் குரல் யாரு? வில் யுன் லீ. கொரிய அமெரிக்கர். நல்ல நடிகர், அதுல குறை சொல்லல. ஆனா எல்லாரும் இங்கிலீஷ் பேசிட்டு, திட்டுறதுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் காண்டனீஸுக்குத் தாவுறாங்க. முழுசா காண்டனீஸ்ல கேக்கணும்னா செட்டிங்ஸ்ல வழி கிடையாது. ஹாங்காங் கும்பல் தலைவனுங்க தங்களுக்குள்ள ரகசியம் பேசும்போது இங்கிலீஷ் பேசுவாங்களா?

மேக்ஸ் பெய்ன் 3 பாருங்க, அதே 2012. சாவ் பாவ்லோவுல எல்லாரும் போர்ச்சுகீஸ் பேசுறாங்க, கீழ வர்ற எழுத்தும் போர்ச்சுகீஸ்தான், மொழிபெயர்ப்பு இல்ல. நாயகனுக்குப் புரியல, நமக்கும் புரியல. அவன் அந்த ஊருக்கு அன்னியன்னு கேமே ஒத்துக்குது. அது நேர்மை. 2025ல வந்த மாஃபியா: தி ஓல்ட் கன்ட்ரி சிசிலியில நடக்குது, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே குரல் மொழியை சிசிலியன்னு மாத்திக்கலாம். இத்தாலியன் இல்ல, சிசிலியன். இந்த அக்கறை வான்கூவர்காரனுக்கு ஏன் வரல?

#8 பிரிக்பீல்ட்ஸ்_பையன்

அண்ணே, நீங்க தூக்கிப் பிடிக்கிற சிசிலியனும் செஞ்சது ஹேங்கர் 13. அமெரிக்கக் கம்பெனி, செக்லயும் கிளை இருக்கு. சிசிலிக்காரன் இல்ல. வெளியூர்க்காரனும் அக்கறையா செய்யலாம்னு நீங்களே உதாரணம் கொடுத்துட்டீங்க.

உள்ளூர்க்காரன் எடுத்தா சுத்தமா இருக்கும்னு நெனச்சா யாகுசா கேம் வரிசையைப் பாருங்க. சேகா, ஜப்பான், 2005. காமுரோச்சோன்னா கபுகிச்சோதான், ஷிஞ்சுகு பக்கம் இருக்கற அதே தெரு. டான் கிஹோட்டே கடை அசல் பேர்லயே இருக்கு. உள்ளூர்க்காரன் உள்ளூர்க்காரனுக்கு எடுத்தது, ஒத்துக்கறேன். ரெண்டாம் பாகத்துல வில்லன் யாரு? ஜிங்வான் மாஃபியா. கொரியாக்காரனுங்க. ஏழாம் பாகத்துல யோகோஹாமாவுல சீனனுக்கு ஒரு கும்பல், கொரியனுக்கு ஒரு கும்பல். ஜப்பான்ல இருக்கற சிறுபான்மைக்கு அந்த ஊர்க்காரன் ஒட்டுன முத்திரை அது. மூணாம் பாகத்துல திருநங்கையைக் கேலி செய்ற கிளைக்கதை இருந்துச்சு. பின்னாடி மறுவெளியீட்டுல வெட்டிட்டாங்க. வெட்டுற அளவுக்கு இருந்ததுன்னா எழுதுனது யாரு? டோக்கியோவுல உட்கார்ந்திருந்த உள்ளூர் ஆளு.

#9 செந்தூல்காரன்

தம்பி, வெட்டுனதைப் பத்திப் பேசறதுன்னா முழுசா பேசு. 2010ல மூணாம் பாகத்தை மேற்கத்திய நாடுகளுக்கு அனுப்பும்போது ஹோஸ்டஸ் கிளப், ஷோகிங்கற ஜப்பான் சதுரங்கம், மாஜோங், வினா விடை எல்லாத்தையும் வெட்டிட்டுத்தான் அனுப்புனாங்க. ஜப்பான்காரன் தினசரி வாழ்க்கையில இருக்கற சாமானைக் கழிச்சிட்டு அடிதடியை மட்டும் வெச்சாங்க. கும்பல்காரன் மாலையில உக்காந்து ஷோகி ஆடுனா வெள்ளைக்காரன் வாங்க மாட்டான்னு பயம். முத்திரை விழறது அங்கதான். மேசையில ஆடுற ஆட்டத்தை எடுத்துட்டுக் கத்தியை விட்டு வெச்சா மிச்சம் இருக்கறது பொம்மை ரவுடி.

வெளியூர்க்காரன் ஊர் ஊரா என்ன செஞ்சிருக்கான்னு வரிசையா சொல்றேன். 2002ல ஹிட்மேன் 2, கோபன்ஹேகன் ஸ்டூடியோ. சீக்கியர்களைக் கொல்ற கட்டம், அதுவும் பொற்கோயில் மாதிரியான இடத்துல. சீக்கியர்கள் எழுந்து கத்துன பிறகுதான் மாத்துனாங்க. அதே 2002ல ஜிடிஏ வைஸ் சிட்டி, ஹைத்திக்காரங்களை ஒழிக்கச் சொல்ற வசனம். 2003 கடைசியில அமெரிக்காவுல இருக்கற ஹைத்திச் சங்கங்க தெருவுல இறங்கினாங்க, அடுத்த பதிப்புல எடுக்கறோம்னு கம்பெனி இறங்கி வந்துச்சு. 2017ல கோஸ்ட் ரீகான் வைல்ட்லேண்ட்ஸ், யூபிசாஃப்ட் பாரிஸ். பொலிவியாவையே கொகெய்ன் கும்பல் ஆளுற நாடா காட்டுனான். பொலிவிய அரசாங்கம் பிரெஞ்சுத் தூதரகத்துல புகார் கொடுத்துச்சு. இது கற்பனைக் கதைன்னு பதில்.

நம்ம பக்கமே வரேன். 2010 ஜஸ்ட் காஸ் 2. பனாவுன்னு தென்கிழக்காசியத் தீவு நாடு. ஸ்டாக்ஹோம்ல எடுத்தது. ஊர்ப் பேரெல்லாம் கம்போங், பெக்கான், பண்டார். மலாய் அகராதியைத் திறந்து வெச்சு எடுத்துப் போட்ட மாதிரி. கும்பல்களுக்குப் பேரு: ரீப்பர்ஸ், ரோச்சஸ், ஊலார் பாய்ஸ். கரப்பான் பூச்சிக் கும்பலோட தலைவன் பேரு ரசாக் ரஸ்மான். கரப்பான் பூச்சியும் பாம்பும் நம்ம பக்கத்து ஆளுங்க, காப்பாத்த வர்றவன் சிஐஏ மாதிரி ஒரு அமெரிக்க உளவுக் கூட்டம். அந்த கேமுல வர்றவங்க பேசுற உச்சரிப்பு எந்த நாட்டுலயும் கிடையாது, ஆசியான்னு ஒரு மூட்டை கட்டி அதுல இருந்து எடுத்த உச்சரிப்பு.

வரிசையில எங்கயாவது ஊர்க்காரன் இருந்தானா? இல்ல. வான்கூவர், கோபன்ஹேகன், பாரிஸ், ஸ்டாக்ஹோம்.

#10 மோட்டார்_தம்பி

ஜஸ்ட் காஸ்ல கொக்கிக் கயிறு செம லா. ரெண்டு காடியைச் சேர்த்துக் கட்டலாம்.

#11 பழைய_டிஸ்க்

#5-இல் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

#12 தீவுக்காரி

அண்ணே, உங்க பட்டியல்ல இருக்கறது ஒண்ணொண்ணும் உண்மை. ஆனா ஒரு ஓட்டை இருக்கு. ஜிடிஏ சான் அந்திரியாஸ், 2004. எடின்பரோ ஸ்டூடியோதான். ஆனா கதை எழுதுறதுல டிஜே பூ உக்காந்திருந்தாரு, லாஸ் ஏஞ்சலஸ்காரரு, அந்தத் தெருவை அறிஞ்சவரு. 1992ல அந்த ஊர்ல கலவரம் வெடிச்ச சூட்டுல கதை நிக்குது. நாயகன் சிஜே ஏன் கும்பல்ல இருக்கான், போலீஸ் அவனை என்ன பண்ணுது, எல்லாம் உள்ள இருக்கு. மேசையில சரியான ஆளை உக்கார வெச்சானா இல்லையா, எழுதும்போது அவன் சொன்னதைக் கேட்டானா இல்லையா, அதுதான் கணக்கு. கட்டடம் எந்த ஊர்ல இருந்தா என்ன?

இப்ப நான் கேக்கறேன். நாளைக்குக் கோலாலம்பூர்ல நம்ம ஆளுங்களே ஒரு குண்டர் கும்பல் கேம் எடுக்கறாங்க. முழுக்க உள்ளூர்க் கை, உங்க ஆசைப்படி. அதுல பாராங் கத்தியைத் தூக்கிட்டு ஓடுறவன் யாரு? கழுத்துல தடிச் சங்கிலி, காடிக்குக் கறுப்புக் கண்ணாடி, ஒட்டுக்கடை வாசல்ல நின்னு முறைக்கிறவன் யாரு? முதலாளி சீனரு, போலீஸ் அதிகாரி மலாய்க்காரரு, அடியாளு தமிழன். அந்த அச்சை வான்கூவர்காரன் செஞ்சானா? 2013 ஆகஸ்ட்ல உள்துறை அமைச்சு 49 கும்பல் பேரை வெளியிட்டுச்சு, 04, 08, 36னு நம்பர் பேருங்க. அன்னிக்குப் பேப்பர்ல வந்த மாதிரியேதான் கேமும் எழுதுவாங்க. ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டா வித்தது, தோட்டத்து வீட்டை விட்டு ஜனம் டவுன் ஓரத்துல வந்து விழுந்தது, அதை யாரும் எழுத மாட்டாங்க. அதுக்கு உள்ளூர் முத்திரைன்னு பேரு வெச்சு நீங்க கைதட்டுவீங்களா?

#13 செந்தூல்காரன்

இது வேற விசயம். தலைப்பு ஸ்லீப்பிங் டாக்ஸ்.

இருந்தாலும் கேட்டதுக்கு பதில். துண்டாடலைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் தோட்டத்தைக் கூறு போட்டு வித்தப்ப அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சாரு. பத்து வெள்ளி பத்து வெள்ளியா பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குன சங்கம் அது. இதெல்லாம் தெரிஞ்சவன் எழுதுனா அடியாளு வெறும் அடியாளா இருக்க மாட்டான். அவன் பேசுற பேச்சுல அப்பன் பால் வெட்டுன நேரம் தெரியும், காலையில பேரு கூப்பிடுற பிரட்டு தெரியும், அரைநேரச் சம்பளம் தெரியும். உள்ளூர்க்காரன் வேணும்னு நான் சொல்றது இதுக்குத்தான். நீங்க சொல்ற அந்த மோசமான கேமை எடுக்கறவன் உள்ளூர்ல இருந்தாலும் தோட்டத்துக்கு வெளியூர்க்காரன்.

#14 பிரிக்பீல்ட்ஸ்_பையன்

அப்ப "உள்ளூர்"னா என்னான்னு நீங்க அப்பப்ப மாத்திக்குவீங்க. சேகாவுக்கு டோக்கியோ போதும், நம்மளுக்குத் தோட்டத்துக்குள்ளயே பொறக்கணும், எடிசன் சென் ஹாங்காங்ல நடிச்சாலும் வான்கூவர். போன மாசம் சிடி சண்டையிலயும் இதே வேலைதான் பண்ணீங்க. அசல் டிஸ்க்னா என்னான்னு நாலு தடவை மாத்துனீங்க.

#15 செந்தூல்காரன்

சிடி சண்டையில நான் சொன்னது சரி. அதை இங்க இழுக்காதே. பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்ல நடுவுல இருக்கற வளையத்துல எண்ணு அச்சாயிருக்கும், அடி நிறம் நீலம் கலந்தா சிடி, வெள்ளின்னா டிவிடி. ரெண்டும் அசல்லயே உண்டு. நீலமா இருந்தாலே டூப்ளிகேட்டுன்னு சொன்னது நீ.

#16 எழுத்துரு

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். கேஎல் கேம் எடுத்தாலும் அதுல தமிழ் வசனம் கீழ ஓடணும்ல? அதுவே ஒழுங்கா வராது. கேம் கட்டற யூனிட்டி கருவியில எழுத்தைக் காட்டுற டெக்ஸ்ட்மெஷ்புரோ தமிழ் எழுத்தைச் சேர்த்துக் கோக்காது. "கை"ன்னு எழுதுனா ஐகாரக் குறி "க"வுக்குப் பின்னாடி போய் நிக்கும். "கொ" இன்னும் மோசம், கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் பிரியணும், அது சரியா பிரியாது. "பொண்ணு", "தோட்டம்", "கெளம்பு" எல்லாம் கந்தல்.

வழி ரெண்டு. அன்ரியல்ங்கற இன்னொரு கருவியில போனா எழுத்தைக் கோக்குற ஹார்ஃப்பஸ் நிரல் உள்ளயே இருக்கு, எழுத்து வடிவமைப்பை முழு வடிவமைப்புன்னு வெச்சுட்டா சரியா வரும். யூனிட்டிலயே இருந்தாகணும்னா, வசனத்தைத் திரையில போடறதுக்கு முன்னாடி ஒரு நிரல்ல விட்டு ெ, ே, ை மூணையும் மெய்க்கு முன்னாடி நகர்த்தணும், ொ, ோ, ௌ மூணையும் ரெண்டா உடைக்கணும். அப்பவும் வரி மடங்குற இடத்துல கொம்பு மேல் வரியிலயும் எழுத்து கீழ் வரியிலயும் போயிடும். அதனால மடிப்பை இடைவெளி இருக்கற இடத்துல மட்டும் விடணும்னு கட்டணும். எழுத்து ஒண்ணொண்ணா தட்டச்சு மாதிரி வர்ற விளைவு வெச்சா, பாதி எழுத்து அரைகுறையா கண் சிமிட்டும். அதை எழுத்தா இல்லாம அசையா எண்ணி விடணும்.

#17 தீவுக்காரி

ரொம்ப உபயோகமான தகவல். சீன எழுத்துக்கும் ஜப்பான் எழுத்துக்கும் இந்தக் கோளாறு இல்ல, ஒரு குறிக்கு ஒரு கட்டம். ஆங்கிலம் மட்டும் தெரிஞ்சவன் கட்டுன கருவியில நம்ம எழுத்து நொண்டுது. செந்தூல்காரன் அண்ணே, பார்வைங்கறது கருவியிலயே இருக்குன்னு இப்ப சொல்லியிருந்தீங்கன்னா நான் ஒத்துக்குவேன்.

அப்புறம் ஒரு விசயம். தமிழ்க் குடும்பத்தை மையமா வெச்சு உலகம் பூரா பேசுன கேம் 2023ல வந்த வெண்பா. இட்லியும் புட்டும் அதுல அவ்வளவு அக்கறையா இருக்கு. இட்லிப் பானையில தட்டை அடுக்குற வரிசை தப்புனா வேகாது, அதையே புதிரா வெச்சிருக்காங்க. குற்றக் கதை இல்ல, ஆனா தமிழனைத் தமிழனா காட்டுனது. எடுத்த ஸ்டூடியோ எங்க? டொரோண்டோ. கனடா.

#18 பிரிக்பீல்ட்ஸ்_பையன்

முடிஞ்சிது. கனடாவே ஜெயிச்சிருச்சு.

#19 செந்தூல்காரன்

ஒண்ணும் முடியல. டொரோண்டோ வேற, வான்கூவர் வேற, நடுவுல ரெண்டாயிரம் மைல். வெண்பாவை எழுதுனது தமிழன். தன் வீட்டு அடுப்பை எழுதுனான். அது என் பக்கத்து உதாரணம், உங்க பக்கத்துது இல்ல.

உள்ளூர்க் கதைக்கு நம்மகிட்ட சரக்கு இல்லைங்கற மாதிரி பேசுறீங்க. பினாங்கையே எடுங்க, உங்க ஊருதானே. 1867 ஆகஸ்ட், ஜார்ஜ் டவுன்ல பத்து நாள் கலவரம். கீ ஹின்ங்கற சீன ரகசியச் சங்கம் ஒரு பக்கம், தோ பே கோங்ங்கற இன்னொரு சீனச் சங்கம் ஒரு பக்கம், கூட மலாய்க்காரங்களும் தமிழ் முஸ்லிம்களும் இருந்த கொடிச் சங்கங்க. கீ ஹின்னுக்குச் சிவப்புக் கொடி, தோ பே கோங்குக்கு வெள்ளைக் கொடி துணை. இனத்துக்கு ஒரு கும்பல்னு எழுதுற வெளியூர்க்காரன் அச்சு இங்க ஒடையும், ஏன்னா சீனச் சங்கத்தோட கூட்டாளி மலாய்க்காரன், எதிரியும் சீனன். வான்கூவர்காரனுக்கு இது தெரியுமா?

போக்குவரத்து மட்டும் கட்டறதுக்குச் சுலபம், அந்தக் காலத்துல மாட்டு வண்டியும் கைவண்டியும்தான். இன்னிக்குப் பினாங்கை எடுத்தாத்தான் தொல்லை. கணினி ஓட்டுற வண்டிக்கு ஒரு பாதைக்கு ஒரு வண்டின்னு கணக்கு. மோட்டார் சைக்கிள் ரெண்டு காடிக்கு நடுவுல புகுந்து போகணும்னா ஒவ்வொரு பாதைக்குள்ளயும் ஓரத்துல இன்னொரு மெல்லிய பாதை போடணும், சிவப்பு விளக்குல எல்லா மோட்டாரும் முன்னாடி வந்து குவியற மாதிரி நிக்கற கோட்டை ரெண்டா பிரிக்கணும். அது இல்லாம எடுத்தா எந்த ஊரோ மாதிரி இருக்கும்.

#20 மோட்டார்_தம்பி

இதை மட்டும் நான் முழுசா ஆதரிக்கறேன் அண்ணே. ஃபெடரல் ஹைவே மோட்டார் பாதையும் வெக்கணும். மழை பெஞ்சா பாலத்துக்கு அடியில எல்லாரும் ஒதுங்கி நிக்கணும்.

#21 பழைய_டிஸ்க்

செந்தூல்காரன் #13-இல் "தோட்டத்துக்கு வெளியூர்க்காரன்" என்றார். அது ஒரு வரையறை. தீவுக்காரி #12-இல் "மேசையில் சரியான ஆள்" என்றார். அதுவும் ஒரு வரையறை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இருவரும் அதைக் கவனித்தீர்களா?

#22 தீவுக்காரி

ஐயா, ஒண்ணு இல்ல. நான் சொல்றது கேட்டு எழுதுறவனை. அவரு சொல்றது பொறந்தவனை.

செந்தூல்காரன் அண்ணே, எங்க ஊரு வரலாறை எங்களுக்கே மாத்திச் சொல்றீங்க. வெள்ளைக் கொடி கீ ஹின் பக்கம். சிவப்புக் கொடி தோ பே கோங் பக்கம். நீங்க தலைகீழா எழுதியிருக்கீங்க. #19ஐத் திருத்துங்க.

#23 செந்தூல்காரன்

கொடி நிறத்துல என்ன இருக்கு, கூட்டணி இனம் தாண்டி இருந்துச்சுங்கறதுதான் விசயம்.

#24 தீவுக்காரி

ஸ்டூடியோ ஊர்ல என்ன இருக்குன்னு நான் கேட்டப்ப நீங்க ஒத்துக்கிட்டீங்களா? வெளியூர்க்காரன் விவரத்தைத் தப்பா எழுதுவான்னு #1லேருந்து சொல்லிட்டு வர்றீங்க. செந்தூல்லேருந்து உக்காந்துக்கிட்டு பினாங்குக் கொடியை மாத்தி எழுதுனது யாரு? திருத்துங்க.

#25 செந்தூல்காரன்

நீங்க முதல்ல #3ஐத் திருத்துங்க. அங்க எந்த இடத்துலயும் வான்கூவர்னு ஒரு முறைக்கு மேல எழுதல.